ஊராட்சிக்குத் தெருவிளக்கு வாங்கலாமா? பசுமைக் கொள்முதலுக்கு ஒரு தொடக்கப் பாடம்

சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த பொருளாகப் பார்த்து வாங்குவதுதான் பசுமைக் கொள்முதல். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊராட்சிகளில் வரும் முதல் பதில், "விதிப்படி விலை குறைவாகக் கேட்பவரிடம்தான் வாங்கணும், இல்லாவிட்டால் ஆடிட்டில் மாட்டுவோம்" என்பதுதான். விதி அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைந்த விலை, நீங்கள் கேட்ட தரத்துக்குள் குறைந்த விலை. தரம் என்ன என்று எழுதுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. டெண்டர் கவர் பிரித்த பிறகு சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி ஒன்று தெருவிளக்கு வாங்குவதை வைத்தே பார்ப்போம். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

படி 1: கரண்ட் பில்லை எடுங்கள்

செயலரிடம் ஒரு வருட மின்கட்டண ரசீதுகளையும் தெருவிளக்குப் பதிவேட்டையும் கேளுங்கள். கிராம ஊராட்சியில் மின்சாரம் பெரும்பாலும் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும்தான் போகும். அப்புறம் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரோடு ஊரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்தக் கம்பத்தில் டியூப்லைட், எதில் சோடியம் விளக்கு, எதில் அடிக்கடி பல்பு போகிறது என்பதெல்லாம் பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

காலை பத்து மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் முதலில் டைமர் சுவிட்ச் வாங்குங்கள். புது விளக்கு அப்புறம்.

படி 2: தரத்தை எழுதுங்கள்

முக்கால்வாசி வேலை இங்கேதான். "20 வாட் எல்இடி தெருவிளக்கு, 200 எண்ணம்" என்று மட்டும் எழுதினால், இருப்பதிலேயே மட்டமான சரக்குதான் வந்து இறங்கும். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்தை லூமென் கணக்கில் கேட்க வேண்டும். தொடங்குபவர்கள் இவற்றை எழுதலாம்:

- ஒரு வாட்டுக்குக் குறைந்தது 120 லூமென்.
- மழை, தூசி தாங்க ஐபி 65 அல்லது 66.
- மின்னழுத்தம் திடீரென எகிறினால் தாங்க 10 கேவி (கிலோவோல்ட்) சர்ஜ் பாதுகாப்பு.
- பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்.
- 5 ஆண்டு வாரண்டி. பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தர வேண்டும் என்பதும் சேர்த்து.
- டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்றும் அமைப்பு.

கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எல்இடி விளக்கு அணைந்துபோனால் பெரும்பாலும் பழுது எல்இடியில் இருக்காது, அதற்கு மின்சாரம் தரும் டிரைவரில் இருக்கும். டிரைவர் உள்ளேயே ஒட்டப்பட்டிருந்தால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான். குப்பைக்குக் குப்பை, செலவுக்குச் செலவு.

நிறத்தையும் கவனியுங்கள். நீலம் கலந்த பளீர் வெள்ளைக்குப் பூச்சிகள் அதிகம் மொய்க்கும். கண்மாய்க்கரை, வயலோரம் என்றால் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) போல மஞ்சள் கலந்த வெளிச்சம் கேளுங்கள்.

இன்ன கம்பெனி விளக்குதான் வேண்டும் என்று பெயர் போட்டு எழுதிவிடாதீர்கள். ஆடிட் தடை நிச்சயம் வரும்.

படி 3: கணக்குப் போட்டுத் தீர்மானத்தில் சேருங்கள்

ஒரே அளவு வெளிச்சம் தரும் இரண்டு விளக்குகளை எடுத்துக்கொள்வோம். 24 வாட் விளக்கு 1,200 ரூபாய், 18 வாட் விளக்கு 1,700 ரூபாய் என்று வையுங்கள். 6 வாட் வித்தியாசம், இரவுக்கு 11 மணி நேரம், 365 நாள்: வருடத்துக்குச் சுமார் 24 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் விளக்குக்கு ஏறக்குறைய 193 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 500 ரூபாய் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். 200 விளக்குக்கு வருடத்துக்கு 38,500 ரூபாய் மிச்சம். விலையும் கட்டணமும் நான் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் ரசீதில் உள்ளதைப் போடுங்கள். இந்தக் கணக்கை மன்றக் கூட்டத் தீர்மானத்தோடு இணைத்துவிட்டால், பின்னால் யார் கேட்டாலும் காட்டலாம்.

படி 4: வாங்குங்கள்

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன்படி, எதை வைத்து ஒப்பிடப்போகிறீர்கள் என்பது டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். எவ்வளவு தொகை வரை கொட்டேஷன் போதும், எங்கிருந்து டெண்டர் என்பது அரசாணையைப் பொறுத்தது. பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் (GeM) வாங்கினாலும், படி 2-இல் எழுதியதை அங்கேயும் ஒவ்வொன்றாகத் தேர்வு செய்ய வேண்டும்.

படி 5: சரக்கைப் பார்த்து எடுங்கள்

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி எம்-புக்கில் (அளவைப் புத்தகம்) பதிய வேண்டாம். நாலைந்து விளக்கை எடுத்து வாட் மீட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 18 என்று போட்டுவிட்டு 23 காட்டினால் லோடைத் திருப்பி அனுப்பலாம். விளக்கு மாட்டிய தேதியைக் கம்பம் எண்ணோடு பதிவேட்டில் எழுதி வைத்தால்தான் வாரண்டி கேட்க முடியும்.

படி 6: பழைய விளக்குகள்

கழற்றிய டியூப்லைட்டிலும் சிஎஃப்எல்லிலும் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பைமேட்டில் கொட்டினால் அதை அள்ளும் தூய்மைக் காவலர்தான் சுவாசிப்பார். உடையாமல் அட்டைப்பெட்டியில் அடுக்கி, மின்கழிவு விதிகள் 2022-இன் கீழ் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். ஒரு ஊராட்சியின் சரக்குக்காக வண்டி வராது. பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து ஒரே நாளில் கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

விளக்கு முடிந்ததும் அடுத்த ரசீது குடிநீர் மோட்டாருடையது. அங்கே பார்க்க வேண்டியது மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாக இழுக்கிறது என்பதைக் காட்டும் பி.இ.இ. (எரிசக்தித் திறன் பணியகம்) நட்சத்திரக் குறியீடு.