பழைய காரோடு உசிலம்பட்டிப் பக்கம் நிறுத்தினால்

அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு என்று நாலைந்து பழைய வண்டிகள் சேர்ந்து மதுரையிலிருந்து தேனி போவதென்றால், ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுவதற்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் நிறுத்தி இன்ஜினை ஆறவிடுங்கள்.

ரோட்டில் கொள்ளோ சோளமோ காயப்போட்டிருந்தால் அதன் மேல் நிறுத்தாதீர்கள். களம் காலியாகத் தெரிந்தாலும் டீக்கடையில் "அண்ணே, இங்க வண்டியப் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவரே இடம் காட்டுவார். மாட்டு வண்டி எதிரே வந்தால் ஹாரன் வேண்டாம், மாடு மிரண்டால் நுகத்தோடு இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஓடிய பெட்ரோல் வண்டி வெயிலில் இருமி இருமி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பைப்பில் ஆவி அடைத்திருக்கும். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அனேகமாகக் கிளம்பிவிடும். (டீசல் அம்பாசிடருக்குக் கதை வேறு.)

பானெட்டைத் திறந்ததும் கூட்டம் கூடும். அந்தக் காலத்தில் டாக்ஸி ஓட்டிய பெரியவர் யாராவது இருந்தால் விடாதீர்கள், ஐடிலிங் சத்தத்தை (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் சத்தம்) வைத்தே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் குறையைச் சொல்லிவிடுவார். அப்புறம், பிள்ளைகள் ஸ்டியரிங் பிடித்துப் பார்க்கட்டும், சாவி மட்டும் உங்கள் பையில் இருக்கட்டும்.