முகவரி போர்ட் தாவினால் லூப்பாக இருக்கலாம்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் அலுவலகம். கணினிகளை இணைக்கும் 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்சின் விளக்குகள் ஓயாமல் படபடக்கின்றன; இணைப்பைச் சோதிக்க அனுப்பும் பிங் பாதி தொலைகிறது. எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் என்று சுவிட்ச் வைத்திருக்கும் பட்டியலான மேக் டேபிளில் கணக்கர் கணினியின் முகவரி ஒருமுறை 7ஆம் போர்ட்டில், மறுமுறை 19இல். வரும் ஃப்ரேமின் (தரவுப் பொட்டலத்தின்) அனுப்புநர் முகவரியை வைத்துத்தான் சுவிட்ச் போர்ட்டைக் குறித்துக்கொள்ளும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு டிடிஎல், அதாவது ஆயுள் வரம்பு, கிடையாது. அதனால் கேபிள்கள் வட்டமாக இணைந்த லூப்பில் மாட்டிய பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் ஃப்ரேம்) சுற்றிக்கொண்டே இருக்கும்.

19ஐக் கழற்றினேன், அடங்கியது. மேசைக்கடியில் 5 போர்ட் சுவிட்ச் ஒன்று; அதிலிருந்து சுவருக்கு இரண்டு கேபிள். (இரண்டு போட்டால் வேகம் இரட்டிக்குமாம்!) ஒன்றை எடுத்துவிட்டு, பெரிய சுவிட்சில் அணைந்துகிடந்த, லூப்பைத் தடுக்கும் ஆர்எஸ்டிபியை இயக்கினேன். ஆர்எஸ்டிபி லூப்பைக் கண்டறிய அனுப்பும் பிபிடியு செய்தியைச் சில மலிவு சுவிட்சுகள் விழுங்கிவிடும். அதனால் லூப்பைத் தனியாகக் கண்டுபிடிக்கும் லூப் டிடெக்‌ஷனும் பிராட்காஸ்ட் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் சேர்த்தே போட்டேன். டேபிளை அழிக்கத் தேவையில்லை, அந்தக் கணினியின் அடுத்த ஃப்ரேமிலேயே சரியான போர்ட் பதிவாகிவிடும்.