கல்யாணத்தில் யாருக்கு எவ்வளவு கையில் கொடுப்பது?

கல்யாண வேலைக்கு வருகிறவர்களுக்கான அன்பளிப்பு விட்டுப்போவது பெரும்பாலும் கஞ்சத்தனத்தால் அல்ல. கொடுக்க வேண்டியவர் அந்த நேரத்தில் மேடையில் நிற்பார். அதனால் பெண், மாப்பிள்ளையின் பெற்றோரிடம் இந்த வேலையை விடாதீர்கள். ஒரு சித்தப்பாவோ மாமாவோ பொறுப்பெடுக்கட்டும். இரு வீட்டுக்கும் அவர் ஒருவரே. இல்லையென்றால் டிரைவருக்கு இரண்டு முறை போகும், பெருக்குகிற அம்மாவுக்கு ஒரு முறைகூடப் போகாது.

ஒரு வாரம் முன்பே வங்கியில் நூறு ரூபாய்க் கட்டு ஒன்றும் (10,000 ரூபாய்) கொஞ்சம் ஐந்நூறு ரூபாய்த் தாள்களும் வாங்கிவிடுங்கள். முகூர்த்தத்தன்று சில்லறை தேடி மொய்ப் பணத்தில் கைவைத்தால் மொய் நோட்டுக் கணக்கு உதைக்கும்.

சமையல்கட்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காண்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்து "எல்லாருக்கும் பிரிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். பரிமாறுகிறவர்களில் பலர் அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்தவர்கள். கடைசிப் பந்தி எழுந்ததும் வண்டி ஏறிவிடுவார்கள். ராத்திரி ரிசப்ஷனுக்குப் பரிமாறியவர்களே காலையிலும் இருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வேளையும் கடைசிப் பந்திக்கு இலை போடும்போதே போய் ஆளுக்கு 200 ரூபாய் நேராகக் கையில் கொடுங்கள். மாஸ்டருக்கு 1,000 முதல் 2,000 வரை.

பின்கட்டுக் குழாயடியில் அண்டா தேய்க்கிற பெண்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு 300 கொடுக்கலாம். பரிமாறுகிறவர்களைவிடக் கூடுதலாகக் கொடுப்பதே நியாயம். கை ஈரமாக இருக்கும், கவரில் போட்டுக் கொடுத்தால் இடுப்பில் செருகிக்கொள்வார்கள். இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், ஒரு பிடிமானத்துக்காகச் சொல்கிறோம்.

புரோகிதருக்குக் கொடுப்பது தட்சணை. அதை டிப்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். பேசிய தொகையில் தட்சணையும் அடங்குமா, உதவிக்கு வருகிறவருக்குத் தனியா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நாதஸ்வரம், தவில் கலைஞர்களுக்கு மரியாதைதான் முதலில். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு, மேலே 501 அல்லது 1,001 வைத்து, பெரியவர் ஒருவர் நின்றபடி இரு கையாலும் கொடுக்க வேண்டும். தாளம் போடுகிறவரையும் சுருதிப்பெட்டிக்காரரையும் விட்டுவிடாதீர்கள்.

கார் டிரைவருக்குப் பேட்டா பில்லிலேயே வந்துவிடும். ஆனாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு மணிக்கணக்கில் காத்திருந்தவருக்கு 300, 500 தனியாகக் கொடுப்பது நம் வழக்கம். அதைவிட முக்கியம், அவரையும் போட்டோகிராபரையும் இரண்டாம் பந்திக்குள் உட்காரவைப்பது. பசியோடு நிற்கிறவருக்குக் கவர் நீட்டினால் மனசு நிறையாது.

மண்டபத்து வாட்ச்மேன், ஜெனரேட்டர் பார்ப்பவர், பெருக்குகிறவர்கள் ஆகியோருக்குச் சாவி ஒப்படைக்கும்போது கொடுத்தால் போதும். மேடை அலங்காரக்காரர்கள் மட்டும் நீங்கள் எல்லாரும் கிளம்பிய பிறகுதான் பிரிக்க வருவார்கள். அவர்களுடைய பங்கை முதல் நாள் மேடை கட்டி முடித்த கையோடு கொடுத்துவிடுங்கள்.