ஹொங்கொங்கில் காசுக் கதை: கன்ரனீஸ் சொற்கள் கொஞ்சம்

கிளிநொச்சியிலிருந்து ஹொங்கொங்குக்கு வீட்டு வேலைக்குப் புறப்படும் தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது, அங்கே பேசும் கன்ரனீஸ் மொழியின் காசுச் சொற்களைத்தான். போய் இறங்கி, சந்தைக்கு அனுப்பப்படும் முதல் நாளே அவை தேவைப்படும்.

காசு ‘ச்சின்’. விலை கேட்க ‘கெய் தோ ச்சின்?’ கடைக்காரர் ‘சப் பாத் மன்’ என்றால் பதினெட்டு டொலர். இரண்டு டொலருக்கு ‘லோங் மன்’. இரண்டு என்ற எண் ‘யீ’தான், ஆனாலும் ‘யீ மன்’ என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றரை டொலர் ‘சாம் கோ புன்’, அதில் ‘மன்’ வராது. பத்துச் சதம் ‘ஹோ’.

இனிக் கவனமாகக் கேளுங்கள். ‘மன்’ குறில், டொலர். ‘மான்’ நெடில், பத்தாயிரம். குறிலும் நெடிலும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது, அதனால் இது கெதியாகப் பிடிபடும். பெரிய தொகையை அவர்கள் மான் கணக்கில்தான் சொல்வார்கள். பத்து மான் எங்கள் ஒரு இலட்சம், நூறு மான் பத்து இலட்சம். முப்பத்தையாயிரம் ‘சாம் மான் ங் ச்சின்’. ஆம், ஐந்துக்கு வெறும் ‘ங்’தான். அந்த ‘ச்சின்’ ஆயிரம்: குரலை உயரத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். காசு என்ற ‘ச்சின்’னில் குரல் கீழிருந்து மேலே ஏறும்.

ஷாம் ஷூய் போ பக்கத்துச் சந்தைகளில் மீனுக்கும் மரக்கறிக்கும் பெரும்பாலும் ‘கன்’ கணக்கில்தான் விலை எழுதியிருக்கும். ஒரு கன் ஏறக்குறைய 605 கிராம். முப்பது டொலர் என்ற பலகையைக் கிலோ விலை என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். கிலோவுக்கு ஐம்பது டொலர் அளவில் வரும். மலிவு ‘பெங்’, விலை கூட என்றால் ‘குவை’. ‘பெங் தி லா’ என்று சிரித்துக்கொண்டு கேளுங்கள், சில வேளை குறைப்பார்கள். விலை குறையாவிட்டாலும், எங்கள் சந்தையில் கறிவேப்பிலை போடுவதுபோல ஒரு பிடி வெங்காயத்தாள் போட்டு விடுவார்கள். சூப்பர்மார்க்கெட்டில் பேரம் வேண்டாம்.

சில்லறை ‘சான் சீ’. ஆயிரம் டொலர்த் தாளுக்குப் பட்டப்பெயர் ‘கம் ங்கவ்’, தங்க மாடு. சின்னக் கடைகள் பல அதை வாங்கத் தயங்கும், மாற்றிக்கொண்டு போங்கள்.

சம்பளம் ‘யன் குங்’. சம்பளம் எப்போது என்று கேட்க ‘கெய் சி ச்சொட் லோங்?’ இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உழைப்பு. காசை எண்ணிப் பார்த்த பிறகே பற்றுச்சீட்டில் கையெழுத்து வையுங்கள்.