அஜந்தா எல்லோரா டூர் போறீங்களா? இந்தத் தப்புகளை பண்ணிடாதீங்க

நம்ம ஊர்ல இருந்து எல்லோரா போறவங்கள்ல நிறைய பேர் கிளம்புறது ஷீரடிக்குத்தான். ஷீரடி, சனி சிங்கணாப்பூர், கிருஷ்ணேஷ்வர் ஜோதிர்லிங்கம், த்ரியம்பகேஷ்வர்னு ஒரு பேக்கேஜ், அதுக்கு நடுவுல "எல்லோரா குகை, 1 மணி நேரம்"னு ஒரு வரி இருக்கும். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம், அப்பா அம்மா சித்தி குடும்பம் எல்லாம் ஒரே வேன்ல. எல்லோரா வாசல்ல போய் இறங்கினா கேட் பூட்டியிருக்கு, கேட்டா அன்னிக்கு செவ்வாய்க்கிழமை, வாரா வாரம் செவ்வாய் லீவாம். டூர் போட்டவங்களுக்கே அது தெரியல. அம்மா கம்பி வழியா எட்டி எட்டி பார்த்துட்டு ஒண்ணுமே பேசாம வந்து வேன்ல ஏறிட்டாங்க. அந்த முகம் மனசுல இருந்துகிட்டே இருந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களை மறுபடி கூட்டிட்டுப் போய் நாலு நாள் அங்கேயே தங்கிப் பார்த்தோம். இப்போ எழுதுறது அந்த ரெண்டு பயணத்தையும் சேர்த்து வச்சுத்தான்.

அதனால முதல் விஷயம் கிழமை. அஜந்தாவுக்கு திங்கள் லீவு, எல்லோராவுக்கு செவ்வாய் லீவு. ரெண்டுக்கும் ஒரே நாள்னு நினைச்சு மாட்டிக்கிறவங்க நிறைய. திங்கள் செவ்வாய்லதான் போக முடியும்னா திங்கள் எல்லோரா, செவ்வாய் அஜந்தானு வச்சுக்கோங்க, கணக்கு சரியா வந்துடும்.

அடுத்தது, ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு நினைக்கிறது. மேப்ல பக்கத்துல பக்கத்துல இருக்குற மாதிரி தெரியும், பேரும் சேர்த்தே சொல்லிப் பழகிட்டோம், ஆனா ஔரங்காபாத்ல இருந்து (2023ல இருந்து சத்ரபதி சம்பாஜிநகர், ஆனா பேச்சுல இன்னும் பழைய பேர்தான் ஓடுது) எல்லோரா சுமார் 30 கிலோமீட்டர் ஒரு பக்கம், அஜந்தா சுமார் 100 கிலோமீட்டர் வேற பக்கம். அஜந்தாவுக்கு உங்க வண்டி குகை வரைக்கும் போகவும் போகாது, மெயின் ரோட்டுல பர்தாபூர் பக்கத்துல இருக்குற ஜங்ஷன்லயே நிறுத்திட்டு அங்கிருந்து நாலு கிலோமீட்டர் அவங்க விடுற பஸ்லதான் போகணும். அதுக்கு க்யூ, அப்புறம் டிக்கெட்டுக்கு க்யூ, அப்புறம் படி. ஒரு முழு நாள் அதுக்கே வேணும். எல்லோராவுக்கும் ஒரு நாள் தனியா வேணும், ஆனா லோக்கல் டூர்ல அந்த ஒரே நாள்ல தௌலதாபாத் கோட்டை, கிருஷ்ணேஷ்வர், பீபி கா மக்பரா எல்லாத்தையும் சொருகிடுறாங்க. கோட்டை ஏறி இறங்கினதுக்கு அப்புறம் எல்லோராவுல நடக்க யாருக்கு தெம்பு இருக்கும், சொல்லுங்க. ஜல்காவ்ல ட்ரெயின் இறங்குறவங்களுக்கு அஜந்தா சுமார் 60 கிலோமீட்டர்தான், அதனால அஜந்தாவை முதல்ல முடிச்சுட்டு அப்படியே ஔரங்காபாத் வந்து தங்குறது நல்ல ஐடியா.

இப்போ நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற தப்புக்கு வர்றேன். அஜந்தாவுல மொத்தம் 30 குகை, எல்லாத்தையும் பார்த்தே தீரணும்னு ஓடுறாங்க. உள்ள நுழைஞ்சு ரெண்டு நிமிஷம், போட்டோ, வெளிய, அடுத்த குகை, செருப்பைக் கழட்டு, செருப்பை மாட்டு. பத்தாவது குகைக்குள்ள போறப்பவே எல்லாம் ஒரே மாதிரி இருக்கேனு ஒரு சலிப்பு வந்துடும். தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. 1, 2, 10, 16, 17, 19, 26 இந்த ஏழு போதும், மிச்சம் நேரம் இருந்தா பார்த்துக்கலாம்.

உள்ள போனதும் உடனே பார்க்க ஆரம்பிக்காதீங்க, சும்மா நில்லுங்க. வெளிய வெயில்ல இருந்து வர்ற கண்ணுக்கு உள்ள ஒண்ணுமே தெரியாது, ஓவியம் கெடக்கூடாதுன்னு வெளிச்சத்தையும் ரொம்ப கம்மியா வச்சிருக்காங்க. முதல் குகையில நாங்க நுழைஞ்சப்போ அம்மா "என்னடா, வெறும் கறுப்புச் சுவர்தானே இருக்கு"ன்னாங்க. அஞ்சு நிமிஷம் அப்படியே நிக்கச் சொன்னேன். மெல்ல மெல்ல சுவர்ல இருந்து பழுப்பு, சிவப்பு, அப்புறம் பச்சைனு ஒவ்வொண்ணா எழுந்து வந்துச்சு, கடைசியில கர்ப்பகிரகத்துக்கு இடப்பக்கம் பத்மபாணியோட (கையில தாமரை வச்சிருக்குற போதிசத்துவர்) முகம், கீழ பார்க்குற அந்தக் கண்ணு, விரல்ல லேசா பிடிச்சிருக்குற தாமரை. அம்மா அதுக்கப்புறம் அந்த இடத்தை விட்டு நகரல. பின்னாடி வந்த ஒரு க்ரூப் ரெண்டு நிமிஷத்துல சுத்திட்டு "ஒண்ணும் தெரியல, வாங்க போலாம்"னு வெளிய போயிட்டாங்க, எனக்கு அவங்களைக் கூப்பிட்டு நிக்கச் சொல்லணும் போல இருந்துச்சு.

கதை தெரியாம போறதும் பெரிய இழப்பு. சுவர்ல பெரும்பாலும் இருக்குறது புத்தரோட முற்பிறவிக் கதைகள், ஜாதகக் கதைகள்னு சொல்லுவாங்க. ஒரு நாலு கதை மட்டும் முன்னாடியே படிச்சுட்டு போங்க: மகாஜனக ஜாதகம் (குகை 1), வெஸ்ஸந்தர ஜாதகம் (குகை 17), ஆறு தந்த யானையோட கதை (10, 17), புத்தரோட தம்பி நந்தன் துறவி ஆன கதை (16). இதுல மகாஜனக கதை தமிழ்ல படிச்சவங்களுக்கு சொந்தக் கதை மாதிரி. கப்பல் உடைஞ்சு கடல்ல நீந்திக்கிட்டு இருக்குற மகாஜனகனைக் காப்பாத்துறது யாருன்னா கடல் தெய்வம் மணிமேகலா. நம்ம மணிமேகலை காப்பியத்துல கோவலனோட முன்னோர் ஒருத்தரைக் கடல்ல இருந்து காப்பாத்துறதும் அதே தெய்வம்தான், அந்த நன்றிக்குத்தான் கோவலன் தன் பொண்ணுக்கு அந்தப் பேரையே வைக்கிறான். இதை மனசுல வச்சுக்கிட்டு அந்தச் சுவர் முன்னாடி போய் நின்னு பாருங்க, வேற ஊர்ல இருக்கோம்ங்கிற எண்ணமே போயிடும்.

தொடுறது, ப்ளாஷ் அடிக்கிறது. ரெண்டுமே கூடாதுன்னு போர்டு இருக்கு, ஆனா ஏன்னு தெரிஞ்சா நாமளே பண்ண மாட்டோம். நிறைய பேர் இதைப் பாறை மேல நேரா வரைஞ்சதுன்னு நினைக்கிறாங்க. பாறையை உளியால சொரசொரப்பாக்கி, அது மேல மண்ணு, உமி, நார் எல்லாம் கலந்து பூசி, அதுக்கு மேல மெல்லிசா சுண்ணாம்பு அடிச்சு, காஞ்சதுக்கு அப்புறம் வரைஞ்சது. காவி, மஞ்சள் காவி, விளக்குக் கரி, பச்சைக் கல்லுனு பெரும்பாலும் மண்ணுல கிடைக்கிற நிறம்தான், நீலம் மட்டும் வெளியில இருந்து வந்த லாபிஸ் லசுலிங்கிற கல்லு. ஆகமொத்தம் அது மண் பூச்சு, கை வச்சா உதிரும், ஈரம் பட்டா உப்பும். அதனாலதான் ஓவியம் இருக்குற குகைகள்ல ஒரு நேரத்துல இத்தனை பேர்தான்னு நிறுத்தி நிறுத்தி விடுறாங்க, அதுக்கு கோவப்படாதீங்க. பத்தாவது குகையில ஒரு தூண்ல ஜான் ஸ்மித்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி 1819 ஏப்ரல் 28ல தன் பேரைக் கீறி வச்சிருக்கான், புலி வேட்டைக்கு வந்தவன் கண்ணுல தற்செயலா பட்ட இடம் இது. அந்தப் பேர் இப்போ நம்ம தலைக்கு மேல உயரத்துல இருக்கும், ஏன்னா அன்னைக்கு குகை பாதி மண்ணு மூடிக் கிடந்துச்சு, அந்த மேட்டு மேல நின்னு கீறியிருக்கான். 200 வருஷம் ஆகியும் அது போகல, இப்போ கீறுற பேரும் அப்படித்தான் நிக்கும்.

ஓவியம் பளபளன்னு இருக்கு, அப்போவே அப்படி வரைஞ்சாங்கன்னு சில கைடு சொல்லுவாங்க, நம்பாதீங்க. 1920கள்ல நிஜாம் அரசு இத்தாலியில இருந்து ஆட்களைக் கூட்டிட்டு வந்து பழுது பார்த்தப்போ மேல பூசின வார்னிஷ் அது, அப்புறம் அதுவே மஞ்சளாகி நிறத்தை மறைச்சுது.

கைடு விஷயத்துலயே இன்னும் கொஞ்சம் சொல்லணும். பார்க்கிங்ல ஓடி வந்து கையைப் பிடிக்கிறவர்கிட்ட உடனே சரின்னு சொல்லிடாதீங்க. அரசு அங்கீகாரம் உள்ள கைடுன்னா போட்டோ போட்ட அடையாள அட்டை கழுத்துல இருக்கும், அதைப் பாருங்க. காசு பேசுறதுக்கு முன்னாடி எந்தெந்த குகை, எவ்வளவு நேரம், எந்த மொழினு பேசிடுங்க. நாங்க எல்லோராவுல வச்சவர்கிட்ட "எங்களுக்கு நாலு மணி நேரம் வேணும், 16ஆம் குகை கைலாச கோவிலுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்"னு முதல்லயே சொன்னோம், அவர் முகமே மலர்ந்துடுச்சு, பொதுவா எல்லாரும் சீக்கிரம் முடிங்கன்னுதான் சொல்றாங்களாம். நிதானமா கேட்க ஆள் கிடைச்சா அவங்களும் மனசு விட்டுச் சொல்றாங்க.

எல்லோராவுல நடக்குற தப்பு வேற மாதிரி. டிக்கெட் வாங்கி உள்ள போனா நேர் எதிர்ல 16ஆம் நம்பர், கைலாச கோவில். எல்லாரும் அதுக்குள்ள போய் அங்கேயே களைச்சு, மத்த 33 குகையையும் விட்டுட்டு கிளம்பிடுறாங்க. 1ல இருந்து 12 வரைக்கும் பௌத்தம், 13ல இருந்து 29 வரைக்கும் ஹிந்து, 30ல இருந்து 34 வரைக்கும் சமணம், மூணும் ஒரே மலைச்சரிவுல. இதுதான் அந்த இடத்தோட சிறப்பே, கைலாசம் மட்டும் பார்த்துட்டு வந்தா அதுல மூணுல ஒரு பங்கு கூட பார்த்ததா ஆகாது. நான் சொல்ற வரிசை இது: காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி 10ஆம் குகை, அங்க கல்லுல கூரைக்கு வளைஞ்ச உத்தரம் மாதிரி வரிசையா செதுக்கியிருப்பாங்க, மரத்துல கட்டினதை அப்படியே கல்லுல கொண்டு வந்திருக்காங்க, அதனாலதான் ஊர்க்காரங்க அதைத் தச்சர் குகைனு கூப்பிடுறாங்க. அப்புறம் மூணு மாடி இருக்குற 12. அதுக்கப்புறம் 15, தசாவதார குகை. அங்கிருந்து வண்டியில 32, அந்தப் பக்கம் நடந்து போனா ரொம்ப தூரம், வெயில்ல வேண்டாம். சாப்பிட்டுட்டு மதியத்துக்கு மேல கைலாசம், அது மேற்கு பார்த்த கோவில், சாயங்கால வெயில் நேரா முகப்புல விழும்.

இங்க இன்னொரு தப்பான எண்ணமும் உண்டு, நம்பர் வரிசைதான் கால வரிசைனு. முதல்ல பௌத்தர்கள் இருந்தாங்க, அவங்க போனதும் ஹிந்துக்கள் வந்தாங்கன்னு ரொம்ப சுலபமா சொல்லிட்டுப் போயிடுறாங்க. 21, 29 மாதிரி சில சிவன் குகைகள் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பக்கத்துல இருக்குற பௌத்த குகைகளுக்கும் முந்தினவைனு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 15ஆம் குகை பௌத்த விகாரமா (துறவிகள் தங்குற மடமா) ஆரம்பிச்சு சிவன் கோவிலா முடிஞ்சது. ஒண்ணு போய் ஒண்ணு வந்ததுன்னு இல்லாம பக்கத்துல பக்கத்துல, ஒரே மாதிரி உளியை வச்சு வேலை நடந்திருக்கு. அந்த நினைப்போட பார்த்தா தூணும் கும்பமும் துவாரபாலகரும் ஒரு குகையில இருந்து இன்னொண்ணுக்கு எப்படி நடந்து வந்திருக்குன்னு கண்ணுக்கே தெரியும்.

கைலாசத்தை "வேற்றுகிரகவாசி கட்டினது"னு வீடியோ போடுறாங்க, அது அந்தக் கல்தச்சர்களுக்குப் பண்ற பெரிய அநியாயம். ராஷ்ட்ரகூட அரசர் முதலாம் கிருஷ்ணர் காலம், 756ல இருந்து 773 வரைக்கும், வேலையோட பெரும்பகுதி அப்போதான் நடந்தது. மலைச்சரிவுல மூணு பக்கமும் பள்ளம் வெட்டி, நடுவுல நின்ன பாறையை மேல இருந்து கீழ செதுக்கிக்கிட்டே வந்திருக்காங்க, சாரம் கட்டத் தேவையே இல்ல, ஆனா ஒரு இடத்துல தப்பா வெட்டிட்டா ஒட்ட வைக்க முடியாது. கோவில் உயரம் சுமார் 30 மீட்டர். இதைச் செஞ்ச சிற்பியே "நான் எப்படி இதைச் செஞ்சேன்"னு வியந்ததா அந்த வம்சத்தோட 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு ஒண்ணுல இருக்கு. உள்ள போய் வெறும் அளவைப் பார்த்து வாயைப் பிளந்துட்டு வந்துடாதீங்க. தெற்குப் பக்கம் ராவணன் கைலாசத்தை ஆட்டுற சிற்பத்துக்கிட்ட உக்காருங்க. கீழ இருபது கையும் மலைக்கடியில முட்டுக் கொடுத்து நிக்குது, மேல பார்வதி பயந்து சிவனோட கையைப் பிடிக்கிறா, ஒரு தோழி திரும்பி ஓடுறா, சிவன் மட்டும் காலை லேசா ஊன்றி உக்கார்ந்திருக்கார். அப்பா முட்டி வலியோட அங்கயே ஒரு படியில அரை மணி நேரம் உக்கார்ந்துட்டார்.

வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க கவனிக்க: அஜந்தாவுல ஆரம்பத்துல படி செங்குத்தா இருக்கும், நாலு பேர் தூக்குற டோலி நாற்காலி கிடைக்கும், கூச்சப்படாம எடுத்துக்கோங்க. ஏப்ரல் மே போகவே போகாதீங்க, 40 டிகிரியைத் தாண்டும், அந்தக் கருங்கல் அடுப்பு மாதிரி கொதிக்கும். மழைக்காலத்துல அஜந்தா குகைகளுக்குக் கீழ இருக்குற வாகோரா ஆத்துல தண்ணி ஓடும், பார்க்க அழகு, ஆனா படி வழுக்கும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி நல்லது. ஓவியக் குகைகள்ல செருப்பு போடக் கூடாது, ஒரு ஜோடி பழைய சாக்ஸ் பைல வச்சுக்கோங்க. கிருஷ்ணேஷ்வர்ல கர்ப்பகிரகத்துக்குள்ள போகணும்னா ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும், மொபைல் வெளியில வச்சுட்டுத்தான் போகணும், அதுக்கும் நேரம் ஒதுக்குங்க.

கடைசியா ஒண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலுக்குப் போயிட்டு வந்துடுங்க. ராஜசிம்ம பல்லவன் கட்டினது, எல்லோரா கைலாசத்துக்கு அரை நூற்றாண்டாவது மூத்தது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சப்போ இந்தக் கோவிலோட செல்வத்தை எடுக்காம திரும்பக் கொடுத்துட்டுப் போனான், ஊருக்குப் போனதும் பட்டடக்கல்ல அவனோட ராணி கட்டின விரூபாக்ஷர் கோவில்ல இந்தக் காஞ்சி பாணி தெரியும், அதைப் பார்த்த கைகளோட வேலை எல்லோரா கைலாசத்தோட விமானத்துல தெரியும். செல்வத்தைத் திரும்பக் கொடுத்ததை அவன் கன்னடத்துல காஞ்சி கோவில் மண்டபத் தூண்லயே வெட்டி வச்சிருக்கான். அங்க இருக்குறவங்ககிட்ட கேட்டு அந்தத் தூணைப் பார்த்துட்டு, அப்புறம் ட்ரெயின் டிக்கெட் போடுங்க.