உள்ளூர் அதிகாரத்துக்காகத் தேர்தலில் நிற்பது எப்படி

"எங்கட ஊர் அலுவலை நாங்களே தீர்மானிக்க வேணும்" என்று சொல்லிப் பாராளுமன்றத் தேர்தல் கேட்க விரும்பும் இளம் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது கனபேர். எனக்கு அதில் பெரிய சந்தோசம். பிரதேச சபை ஒன்றில் முறைப்பாடுகளைப் பதியும் மேசையில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். அதன்பிறகு வலிகாமத்தில் ஒரு சுயேச்சைக் குழுவுக்குத் தேர்தல் வேலையும் பார்த்தேன். இனி இறங்கப்போகிறவர்களுக்கும், அவர்களுக்காகப் படலை படலையாகப் போகப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மேடை, துண்டுப் பிரசுரம் எல்லாம் பிறகு. முதலில் ஊரில் உள்ள ஒவ்வொரு குறையும் யாருடைய கையில் கிடக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதைச் செய்யாமல் "அதிகாரம் வேணும்" என்று போய் நின்றால், "எந்த அதிகாரம் தம்பி, ஆரிட்ட இருந்து?" என்று திண்ணையில் இருக்கும் ஆச்சி கேட்பா. அவவுக்குச் சொல்லப் பதில் இருக்க வேண்டும்.

கார்த்திகை மழைக்கு முழங்காலளவு வெள்ளம் நிற்கும் ஒழுங்கை முகப்பு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். வலிகாமத்தில் அப்படி ஒன்றைத் தேடி அலையத் தேவையில்லை. மழை விட்டதும் அங்கே போய் நின்று பாருங்கள். பெரிய றோட்டு ஒழுங்கையை விட உயர்ந்திருக்கும். காப்பெற் போடும்போது உயர்த்தியது வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதற்கு உத்தரவு கொழும்பிலிருந்து வரும். ஒழுங்கை பிரதேச சபையினுடையது. குனிந்து மதகுக்குள் பார்த்தால் சோடாப் போத்தல், சொப்பிங் பை, தென்னோலை, அதற்கு மேல் மண். மதகு பெரிய றோட்டோடு சேர்ந்தது என்பதால் சபைத் தொழிலாளி அதை உடைத்துப் பெருப்பிக்க முடியாது. வெள்ளவாய்க்கால் போய்ச் சேரும் குளத்துக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பொறுப்பு. இடையில் யாராவது வாய்க்காலை மறித்து மதில் எழுப்பியிருந்தால், கட்டட அனுமதியைப் பார்க்க வேண்டியது சபை, எல்லையை அளந்து சொல்ல வேண்டியது நில அளவைத் திணைக்களம். ஒரு முகப்பு வெள்ளத்துக்கு நாலு கந்தோர். நாலிலும் உள்ள உத்தியோகத்தர்கள் "இது எங்கட வேலை இல்லை" என்று சொல்வார்கள், சொல்வதும் பொய்யாக இராது.

உங்கள் தேர்தல் கோரிக்கை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மாரி தொடங்க முன்னம், மக்கள் தெரிவு செய்த ஒரு சபை இந்த நாலு பேரையும் ஒரு மேசைக்குக் கூப்பிட்டு வேலை வாங்கவும், அதற்கான காசைத் தன் கையில் வைத்திருக்கவும் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். இப்படிச் சொன்னால் ஆச்சிக்கும் விளங்கும், பல்கலைக்கழகப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஒரு பெரிய கொப்பி வாங்குங்கள். குறை, இடம், யார் பொறுப்பு, கடைசியாக யாருக்குக் கடிதம் போனது, என்ன பதில் வந்தது என்று கோடு கீறிப் பிரித்து எழுதுங்கள். விதானையாரையும் (கிராம அலுவலரையும்) சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் மரியாதையோடு அணுகினால் பாதி விபரம் அங்கேயே கிடைத்துவிடும். மிச்சத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "வீதி அபிவிருத்தி பற்றிய தகவல்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இன்ன வீதியின் மதகுக்குக் கடந்த வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது" என்று கேட்டால் வரும்.

இந்த வேலையை நேரத்தோடு தொடங்க வேண்டும். வேட்புமனு முடிந்து ஐந்து தொடக்கம் ஏழு வாரத்துக்குள் வாக்களிப்பு வந்துவிடும். 2024 இல் ஒக்ரோபர் 11 இல் மனு முடிந்தது, நவம்பர் 14 இல் வாக்களிப்பு. அந்த அவதிக்குள் கொப்பி நிரப்ப முடியாது.

எதை வாக்குறுதியாகக் கொடுப்பது

பாராளுமன்ற உறுப்பினர் வீதி லைற் போடுகிறவர் இல்லை. குப்பை, லைற், சந்தை, நூலகம், ஒழுங்கை எல்லாம் உள்ளூராட்சி சபைகளின் வேலை. யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் அதற்கென்றே இருக்கின்றன. உள்ளூர் அதிகாரம் கேட்கும் வேட்பாளர் "நான் வந்து உங்கட ஒழுங்கையைப் போட்டுத் தாறன்" என்றால், தான் கேட்கும் அதிகாரத்தைத் தானே சபையிடமிருந்து பறிக்கிறார். அப்படி ஒரு வரி பிரசுரத்தில் இருந்தால் அச்சகத்துக்குப் போக முதல் வெட்டுங்கள்.

பாராளுமன்ற உறுப்பினருடைய வேலை சட்டம். 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் காணியும் பொலிசும் மாகாண சபைகளுக்கான அதிகாரப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றன. கைக்கு வந்து சேரவில்லை. வட மாகாண சபைக்கு இதுவரை ஒரேயொரு தேர்தல்தான் நடந்தது, 2013 செப்டெம்பர் 21 இல். அதன் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். ஏன் தேர்தல் இல்லை என்று சனம் கேட்கும். 2017 இல் சட்டத்தை மாற்றிக் தொகுதியையும் விகிதாசாரத்தையும் சேர்த்த கலப்புத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் ஓடாமல் நிற்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய இடம் பாராளுமன்றம்தான். எந்த உறுப்பினரும் தனிநபர் சட்டமூலம் கொண்டுவரலாம். ஆகவே இந்தத் தேர்தலை நடத்த வழிசெய்யும் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவருவதே உங்கள் வேட்பாளர் கொடுக்கக்கூடிய நேர்மையான முதல் வாக்குறுதி. இரண்டாவது, உறுப்பினர்களும் திணைக்கள அதிகாரிகளும் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு போய், கேள்வி கேட்டு, பதிலை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவது.

யாரிடம், எந்த நேரம்

எங்களிடம் ஏற்கெனவே உள்ளூர் ஆட்சி இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்: சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். கணக்கு, கூட்டக் குறிப்பு, தெரிவு எல்லாம் அங்கே ஒழுங்காக நடக்கும். வேட்பாளர் பேசப் போகாமல், கேட்கப் போக வேண்டிய இடங்கள் இவை. கடற்கரைக்குப் போவதென்றால் வள்ளம் கரைக்கு வந்து மீன் விற்று முடிந்த பிறகு போங்கள். வலையைச் சிக்கெடுத்துத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும் ஆட்கள் கைவேலையோடு நிறையக் கதைப்பார்கள். தோட்டக்காரரைப் பகல் வெயிலில் தேடாதீர்கள். பெண்களைச் சந்திக்கப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, ஒரு முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். கோயில் வாசலில் துண்டு கொடுக்க வேண்டாம். சோற்றுப் பார்சலும் வேண்டாம். வாக்காளருக்கு உபசாரம் செய்வது தேர்தல் சட்டப்படி குற்றம்.

முற்றத்துக் கூட்டத்தில் வேட்பாளர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று நாங்கள் கண்டிப்பாக வைத்திருந்தோம். ஒருநாள் ஒரு அம்மா எழும்பி, "பிள்ளை, என்ர கிணத்துத் தண்ணியில எண்ணெய் மணந்த காலத்தில ஆரிட்டப் போறதெண்டு தெரியாமல் அலைஞ்சனாங்கள்" என்றா. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலம் அது. அதன்பிறகு கூட்டம் முழுக்கத் தண்ணீர்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீர்தான் எங்கள் உயிர். அதைக் காக்கும் முதல் அதிகாரம் ஊருக்கு வேண்டும் என்பதை யாரும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

தண்ணீர் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடக்கம். அங்குள்ள இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி நெல் விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது. உள்ளூர் அதிகாரம் பேசுகிறவர் சுன்னாகத்தில் ஒன்று, கிளிநொச்சியில் ஒன்று கதைக்கக் கூடாது. குளத்தடி ஆட்களைக் கேட்காமல் குளத்துத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று இரண்டு இடத்திலும் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும். இதில் வாக்கு கொஞ்சம் குறையலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நெடுந்தீவையும் விடாதீர்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறும்போதே அந்தச் சனத்தின் முதற்குறை கண்ணுக்குத் தெரியும்.

வாக்குச் சீட்டு

இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். 2024 இல் யாழ் தேர்தல் மாவட்டத்தில் 30,000 க்கும் அதிகமான வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தேர்தலில் 28,000 க்கும் குறைந்த வாக்கோடு ஆசனம் எடுத்த அணிகள் உண்டு. ஆகவே ஒவ்வொரு முற்றத்திலும் கடைசிப் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கோடு கீறிக் காட்டுங்கள்: மேலே ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ மட்டும் புள்ளடி, பிறகு அதே அணியின் வேட்பாளர் இலக்கங்களில் ஒன்று தொடக்கம் மூன்று வரை. இரண்டு அணிக்குப் போட்டால் சீட்டு செல்லாது. சின்னத்தை விட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் செல்லாது. கண் பார்வை மங்கிய பெரியவர்களின் கையில் பேனையைக் கொடுத்து, அவர்களையே கீறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காசு

2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, வென்றவரும் தோற்றவரும் முடிவு வந்து 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே பில்லுகளை ஒரு கோப்பில் குத்தி வையுங்கள். பெயர் சொல்லாதவரின் காசு வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் அனுப்பும் காசைத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே தொடுங்கள். கணக்கின் பிரதி ஒன்றைச் சனசமூக நிலையப் பலகையிலும் ஒட்டுங்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை, ஆனால் ஊருக்குக் கணக்குக் காட்டாதவர் ஊருக்கு அதிகாரம் கேட்க முடியாது.

உங்கள் ஆள் தோற்றால், கொப்பியைப் பிரதி எடுத்து, வென்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும், எந்தக் கட்சியாக இருந்தாலும், கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் எப்போது என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்து, அதற்கு முன்னம் கொடுத்துவிடுங்கள்.