"இன்னா மச்சான், நான் சிலோனுக்கே போகலியா?": பட்டாளத்து ரெக்கார்டில் விட்டுப்போனதைச் சேர்ப்பது எப்படி

2023 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்டையார்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அக்கா வீட்டுக்காரர் வந்தார். காசிமேட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மஞ்சள் பையிலிருந்து, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த தன் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "இன்னா மச்சான், நான் சிலோனுக்கே போகலியா?" என்றார்.

பேரன் ஏதோ கேட்டானாம், தாத்தா எத்தனை மெடல் வாங்கினீங்க என்று. 1994-ல் பென்ஷனில் வந்ததிலிருந்து டிரங்குப் பெட்டியில் கிடந்த புத்தகத்தை அன்றைக்குத்தான் பிரித்துப் படித்திருக்கிறார். மெடல் பக்கத்தில் இரண்டே வரி: ஒன்பது வருஷச் சேவை மெடல், ஜம்மு காஷ்மீர் கிளாஸ்ப்போடு (எந்த இடத்துக்காக என்று ரிப்பனில் மாட்டும் பட்டை) சைன்ய சேவா மெடல். 1988-ல் பத்து மாதம் வவுனியாவில் தண்ணி லாரி ஓட்டினவர் அவர். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடலும் 'ஸ்ரீலங்கா' என்று பொறித்த கிளாஸ்ப்பும் உண்டு. அவர் புத்தகத்தில் மெடலும் இல்லை, போனதற்கான வரியும் இல்லை.

நான் இருபத்திரண்டு வருஷம் யூனிட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். அதனால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதிரி ஓட்டைகளில் பாதி என் மாதிரி ஆள் டைப்ரைட்டரில் போட்டதுதான். ஒருமுறை ஒரு சிப்பாயின் நம்பரில் 3-க்குப் பதில் 8 அடித்துவிட்டேன். அவன் லீவு வேறொருவன் கணக்கில் ஏறிவிட்டது. நான்கு மாதம் கழித்து அந்த வேறொருவன் லீவு கேட்டு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

சரி, ரெக்கார்டு எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தட்டுவது என்று புரியும். பட்டாளத்தில் ஒருவனுக்கு எது நடந்தாலும், போஸ்டிங், லீவு, புரமோஷன், தண்டனை, கல்யாணம், குழந்தை, மெடல், எல்லாவற்றுக்கும் யூனிட் ஒரு பார்ட் டூ ஆர்டர் போடும். ஆர்மி பாஷையில் இந்த நிகழ்ச்சிகளுக்குப் பெயர் கேஷுவல்டி. கல்யாணமும் கேஷுவல்டிதான், அக்கா இதைக் கேட்டதிலிருந்து மாமாவை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த ஆர்டரின் நகல் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும், சம்பளக் கணக்கு ஆபீஸுக்கும் போகும். ரெக்கார்ட் ஆபீஸில் அதைப் பார்த்து, உங்கள் சேவை விவரமெல்லாம் ஏறும் ஷீட் ரோலில் ஒரு வரி எழுதி, பக்கத்திலேயே ஆர்டர் நம்பரையும் வருஷத்தையும் குறிப்பார்கள். டிஸ்சார்ஜ் புக் என்பது கடைசியில் இந்த ஷீட் ரோலைப் பார்த்து எழுதிக் கொடுப்பது. ஆகவே டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்தக் கேட்டு மனுப் போடுவதில் பலனில்லை. ஷீட் ரோலில் வரி ஏற வேண்டும். வரி ஏற வேண்டுமென்றால் ஒரு பார்ட் டூ ஆர்டர் வேண்டும். நீங்கள் தேட வேண்டியது அந்த ஆர்டரை.

முதல் வேலை ஷீட் ரோல் நகலை வாங்குவது. எழுத வேண்டிய இடம் நீங்கள் கடைசியாக இருந்த யூனிட் அல்ல, உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி. மாமா எந்தக் கோர் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டுக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மனுவை இங்கிலீஷிலோ இந்தியிலோ டைப் அடியுங்கள். ஆர்மி நம்பரை அதன் கடைசியில் வரும் எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். பலர் அந்த எழுத்தை விட்டுவிடுகிறார்கள். ரேங்க், ரெக்கார்டில் உள்ளபடியே பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நம்பர், அடையாள அட்டை நகல். அப்புறம் கேட்பதை மூன்றே வரியில் கேளுங்கள். சான்றளித்த ஷீட் ரோல் நகல் வேண்டும். எந்தெந்த மெடலுக்குத் தகுதி, எவை கொடுக்கப்பட்டன என்ற விவரம் வேண்டும். இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை என் பெயரில் வந்த பார்ட் டூ ஆர்டர்களின் நம்பர்கள் வேண்டும். மாமா முதலில் தானே ஒரு மனு எழுதி வைத்திருந்தார். நாலு பக்கம். தேசத்துக்காகப் பட்ட பாடு, வவுனியா வெயில், கொசு, எல்லாம் இருந்தது. ஆர்மி நம்பர் இல்லை.

இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகவும் கொடுக்கலாம், ஆன்லைனிலும் கட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால், அல்லது பதில் சரியில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதில் ஒரு விஷயம் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆர்.டி.ஐ. மூலம் தகவல் கிடைக்கும், நகல் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. "என் ரெக்கார்டைத் திருத்துங்கள்" என்று ஆர்.டி.ஐ.யில் எழுதினால் அது தகவல் கேட்பதே அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். திருத்தக் கேட்கும் மனு தனி.

தாமதம் செய்யாதீர்கள். பென்ஷன் வாங்குகிறவரின் ஷீட் ரோலை 50 வருஷம் வைத்திருப்பார்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவருடையதை 25 வருஷத்தில் அழித்துவிடலாம். அதற்கப்புறம் மிஞ்சுவது லாங் ரோல் என்கிற பெரிய பதிவேடு மட்டும்தான். அதில் ஆளுக்குச் சில வரிதான் இருக்கும்.

மாமாவுக்கு ஷீட் ரோல் நகல் வந்தது. 1988-ல் அவர் பஞ்சாபிலேயே இருந்ததாகத்தான் இருந்தது. அவர் யூனிட் பஞ்சாபில்தான் இருந்தது. இவரையும் இன்னும் சில டிரைவர்களையும் மட்டும் வண்டியோடு வேறொரு யூனிட்டில் அட்டாச் செய்து, அதாவது தற்காலிகமாகச் சேர்த்து, அனுப்பியிருக்கிறார்கள். ரெக்கார்டில் ஆள் தொலைவது பெரும்பாலும் இந்த அட்டாச்மென்ட்டில்தான். அனுப்பிய யூனிட், போன இடத்தில் ஆர்டர் போடுவார்கள் என்று விட்டுவிடும். போன யூனிட், அவன் நம்ம ஆள் இல்லையே என்று விட்டுவிடும்.

அந்தப் பக்கத்தை நான் மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். நாலாவது நாள் ராத்திரி, கரண்ட் வந்தபிறகு, ஒரு லீவு வரி கண்ணில் பட்டது. 1988 ஆகஸ்டில் 30 நாள் ஆண்டு லீவு. பக்கத்தில் ஆர்டர் நம்பர். அதன் முன்னால் யூனிட் பெயரின் சுருக்கம். அது மாமாவுடைய யூனிட் இல்லை! பஞ்சாபில் இருக்கிறவனுக்கு வேறொரு யூனிட் எதற்கு லீவு ஆர்டர் போட வேண்டும்? நகல் கைக்கு வந்ததும் நீங்களும் இதைத்தான் பார்க்க வேண்டும். இல்லாத வரியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இருக்கிற வரிகளின் ஓரத்தில் உள்ள நம்பர்களைப் பாருங்கள். லீவு, ஆஸ்பத்திரி அட்மிஷன், தண்டனை, எதுவாக இருந்தாலும் அதை எந்த யூனிட் எழுதியது என்பதே நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி.

மற்ற சாட்சிகளையும் சேர்த்தோம். மலேரியாவில் படுத்தபோது கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று பெட்டியில் கிடந்தது. அட்டாச் ஆன யூனிட் பெயர் அதிலும் இருந்தது. சம்பளக் கணக்கில் அந்த மாதங்களுக்கு ஏதாவது தனிப் படி ஏறியிருக்கிறதா என்றும் கேட்டு எழுதினோம். கூட ஓட்டிய டிரைவர் ஒருவர் வியாசர்பாடியில் இருக்கிறார். அவருக்கு இலங்கை வரி ஒழுங்காக ஏறியிருக்கிறது. அவரிடம் நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கினோம். தனியாகக் கொடுத்தால் இதற்கு மதிப்பு குறைவு. கையெழுத்துப் போடுகிறவருடைய டிஸ்சார்ஜ் புக் நகலையும் இணைத்தால்தான் எடுபடும்.

அப்புறம் கடிதங்கள். ராணுவத்தில் சும்மா கொடுக்கும் இன்லண்டில் மாமா எழுதிய பதினொரு கடிதத்தை அக்கா பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பட்டாளம் இருக்கிற இடத்தில் நடக்கும் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸின் முத்திரை, வட்டத்துக்குள் நம்பர், தேதி. முத்திரை அழிந்து கிடந்ததால் பூதக்கண்ணாடி வைத்து ஒன்பதைத்தான் படிக்க முடிந்தது. உள்ளே இருப்பதை நான் படிக்கக் கூடாது என்று அக்கா ஒவ்வொன்றையும் மடித்துப் பிடித்துக்கொண்டாள். டி.எச். ரோட்டு ஜெராக்ஸ் கடையிலும் மடித்தபடியேதான் வைத்தாள். நகலெடுத்த எல்லாவற்றிலும் ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

திருத்த மனுவில் என்ன கேட்க வேண்டும் என்பது நிலைமையைப் பொறுத்தது. ஆர்டர் இருக்கிறது, ஷீட் ரோலில் ஏறவில்லை என்றால் சுலபம்: ஆர்டர் நம்பரைச் சொல்லி ஏற்றச் சொல்லுங்கள். ஆர்டரே போடவில்லை என்றால், ஆதாரங்களை வைத்து இப்போது போடச் சொல்ல வேண்டும். மாமாவுக்கு இதுதான். இன்ன யூனிட்டின் லீவு ஆர்டர் என் பெயரில் இருக்கிறது, அந்த யூனிட் அந்தத் தேதியில் இலங்கையில் இருந்தது, அந்த யூனிட்டின் நாமினல் ரோலில் (ஆட்களின் பெயர்ப் பதிவேடு) அட்டாச் ஆனவர்கள் பட்டியலில் என் பெயரைச் சரிபார்த்து, அட்டாச்மென்ட் காலத்தையும் மெடல் தகுதியையும் பதிவு செய்யுங்கள் என்று எழுதினோம். ஒரே பக்கம். இணைப்பு பதினேழு தாள், ஒவ்வொன்றிலும் நம்பர்.

ஒரிஜினல் எதையும் அனுப்பாதீர்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதை மனுவின் நகலிலேயே ஒட்டிவையுங்கள். ஒரு நகலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் மூலமும் அனுப்பச் சொல்லுங்கள். கவர்மென்ட் லெட்டர்ஹெட்டில் போகும் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வருகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் நீங்களே பேனாவால் ஒரு புள்ளியும் வைக்காதீர்கள். மாமா வைக்கப் பார்த்தார், பேனாவைப் பிடுங்கினேன். வைத்திருந்தால் புத்தகம் மொத்தத்துக்கும் சந்தேகம் வரும்.

உங்கள் பெயரில் வேறு என்ன விட்டுப்போயிருக்கும் என்று அப்படியே பார்த்துவிடுங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்குப் பொன்விழா மெடல். அன்று பணியில் இருந்தாலே தகுதி. 9, 20, 30 வருஷச் சேவைக்குத் தனித்தனி மெடல்கள். சியாச்சின், கார்கில் சமயத்து ஆப்பரேஷன் விஜய், 2001-02 ஆப்பரேஷன் பராக்ரம் மெடல்கள் எல்லாம் இடத்தையும் காலத்தையும் பொறுத்தவை. மெடல் கையில் இருந்து ரெக்கார்டில் இல்லை என்றால் விளிம்பைப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். அதைப் போட்டோ எடுத்து இணையுங்கள்.

இதனால் பென்ஷன் கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மாதிரிச் சேவை மெடலால் ஒரு ரூபாயும் கூடாது. வீரதீர விருது என்றால் அதற்குத் தனிப் படி உண்டு, அது வேறு கதை. ஆனால் போர்க்களத்தில் காயம்பட்டு ஊனமானவராக இருந்தால், அந்த இடத்தில் இருந்த வரி ரெக்கார்டில் இருப்பதும் இல்லாததும் ரொம்ப முக்கியம். வார் இஞ்சுரி பென்ஷன் சாதாரண ஊன பென்ஷனைவிட அதிகம். அப்படிப்பட்டவர்கள், மறுத்து எழுத்தில் பதில் வந்தால் சென்னையிலேயே இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனுவே கொடுக்காமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போனால் முதலில் ரெக்கார்ட் ஆபீஸில் கேள் என்பார்கள். ஆள் இறந்துவிட்டால் மனைவி தன் பி.பி.ஓ.வை வைத்து இதே வழியில் கேட்கலாம். மெடல் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாமாவுக்குப் பதிமூன்று மாதம் ஆனது. இரண்டு ஞாபகக் கடிதம், ஒரு மேல்முறையீடு. 2024 செப்டம்பரில் பதில் வந்தது: பார்ட் டூ ஆர்டர் இப்போது போட்டாயிற்று, 19 பிப்ரவரி 1988 முதல் 11 டிசம்பர் 1988 வரை, ஸ்ரீலங்கா கிளாஸ்ப்புக்குத் தகுதி உண்டு, மெடல் தனியாக வரும்.

அக்கா கேசரி கிண்டினாள். மாமா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "பதினாறாந்தேதி மச்சான்" என்றார்.

"என்ன மாமா?"

"கப்பல் ஏறுனது பதினாறு. இதுல திருகோணமலைல எறங்குனதுலருந்துதான் போட்டுருக்கானுங்க."

மூன்று நாள்தானே மாமா, விடுங்க என்றேன். அவர் விடவில்லை. அந்த மூன்று நாளில் ஒன்றரை நாள் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியிலேயே நங்கூரம் போட்டு நின்றதாம். மேல்தளத்திலிருந்து காசிமேட்டுக் கரை தெரிந்ததாம். அக்கா அப்போது பெரியவளை வயிற்றில் வைத்திருந்தாள். இறங்க விடவில்லை.

மறுநாள் தண்டையார்பேட்டை போஸ்ட் ஆபீஸில் இன்னொரு பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கினேன்.